நின்றபடியே சாப்பிட்ட காலம்

"மெல்ல மென்று ருசித்துச் சாப்பிடுங்கள், பிடித்த உடற்பயிற்சியைச் செய்யுங்கள்" என்கிறது உடல் எடையைக் குறைப்பது பற்றிய உங்கள் கட்டுரை. சரிதான். ஆனால் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு அடுப்படியில் நின்றபடியே நான் சாப்பிட்டது ஐந்து நிமிடம்கூட இருக்காது. வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்ட சுமார் 20 நிமிடம் ஆகுமாம். அதற்குள் குழம்புச் சட்டியையும் வழித்துப் போட்டுப் பிசைந்திருப்பேன். பிள்ளைகள் மிச்சம் வைத்த இட்லி வேறு, வீணாகக் கூடாதே என்று! இப்போது டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எங்கள் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு இவ்வளவு ருசியா என்று 46 வயதில்தான் தெரிந்தது.

ஜிம்முக்குப் பணம் கட்டிப் பத்தே நாளில் நின்றவள் நான். வேலூர் வெயிலுக்குக் காலை ஆறு மணிக்கே கிளம்பினால்தான் நடை. தெருப் பெண்கள் நாலு பேர், கோட்டை அகழி ஓரமாக மாமியார் கதை பேசிக்கொண்டே அரை மணி நேரம். வாரம் ஐந்து நாள் போனால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் வந்துவிடுகிறது. ஏழு மாதத்தில் மூன்று கிலோதான் இறங்கியது. ஆனால் பாவாடை நாடா இப்போது நீளமாகத் தொங்குகிறது.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு கட்டுரை எழுதுங்களேன்.