சீட்டு எழுதி அனுப்பினால் சர்க்கரை இறங்குமா?

சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு யார் சொன்னது என்று சொல்ல வேண்டியதில்லை. "நர்ஸ் இருக்காங்களே, கிளினிக்குல சோஷியல் ஒர்க்கர் எதுக்கு? கிராண்ட் ஃபாரம் நிரப்பவா?" கைதட்டல் வேறு. கிளினிக்கிலேயே ஒரு சோஷியல் ஒர்க்கர் வேணும் என்று நாங்கள் கேட்பதற்கு இதுதான் பதில்.

சரி, அரசு உதவிப்பணத்துக்கான (கிராண்ட்) ஃபாரம் நிரப்பத்தான். தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆயா என்று வையுங்கள். நம் ஊர் மீட்டரில் (mmol/L கணக்கு) சர்க்கரை 18, ரொம்ப அதிகம். இன்சுலினைக் கூட்டுவார்கள். ஆயா பாதி நாள் ஊசியே போடுவதில்லை என்று யாருக்குத் தெரியும்? ஒரே முதியோர் பணத்தில் ஏழு வாய். மாசக் கடைசியில் சோறு இல்லாமல் ஊசி போட்டால் மயக்கம் வரும், அதனால் போடுவதில்லை. கூட்டின அளவை ஒரு நாள் வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை 4க்குக் கீழே, அப்புறம் ஆம்புலன்ஸ்.

சோஷியல் ஒர்க்கர் கேட்பது வேறு. உதவிப்பணம் எடுக்கும் சாசா (SASSA) கார்டு ஆயா கையிலா, வட்டிக்காரன் கையிலா? ப்ரீபெய்ட் கரண்ட் தீர்ந்து ஃப்ரிட்ஜ் நின்றால் இன்சுலின் எங்கே இருக்கும்? பேரப்பிள்ளைகளுக்கு அரசுப் பணம் வருதா? வளர்ப்பது ஆயா என்றால் ஆயாவே கேட்கலாம். பிறப்புச் சான்று இல்லையா, சத்தியப் பத்திரம் கொடுத்துத் தொடங்கலாம். பணம் தர மறுத்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யணும். தாண்டினால் ஏன் தாமதம் என்று வேறு மன்றாடணும்.

"அதான் ரெஃபர் பண்றோமே!" எங்கே? வேறு துறை, வேறு ஆபீஸ், இன்னொரு டாக்ஸி காசு, இன்னொரு கியூ. சீட்டு ஆயாவின் பையிலேயே மடங்கிக் கிடக்கும். அதே கட்டடத்தில், அதே டீமில் இருக்கணும் என்பதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறோம்.

வீடு வீடாகப் போகும் சுகாதார ஊழியர்கள் இருக்கிறார்களே என்பது நியாயமான கேள்வி. 2011 முதல் அந்தக் குழுக்கள் உண்டு, பிரச்சினையை முதலில் கண்டுபிடிப்பதும் அவர்கள்தான். ஆனால் அடிபடும் பிள்ளைக்காகச் சிறுவர் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதப் பதிவு பெற்ற சோஷியல் ஒர்க்கர் வேணும்.

பட்ஜெட்டா? சோஷியல் ஒர்க் நாலு வருஷம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகளிடம் போய்ச் சொல்லுங்கள்.

1940இல், இதே நட்டாலில், ஃபொலேலா என்ற கிராமப்பகுதியில் டாக்டர் கார்க் தம்பதியர் நோயாளியின் வீட்டையும் காய்கறித் தோட்டத்தையும் வைத்தியத்தோடு சேர்த்தே பார்த்தார்கள். நமக்கு இன்னும் "எதுக்கு?"

கூட்டத்தில் சோஷியல் ஒர்க்கரை "கிராண்ட் ஆன்ட்டி" என்று சிரித்தீர்களே, அந்த ஆன்ட்டி பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். டீ கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

கிளினிக்கில் சோஷியல் ஒர்க்கருக்கு ரூம் இல்லையாம். ஸ்டோர் ரூமில் உடைந்த வீல்சேர் மூணு நிற்குது, அதுக்கு இடம் இருக்கு.