ஜி.ஆர்.இ. வெர்பல்: சராசரி போடுவதில்லை

அண்ணே, பல்கலைக்கழக மேற்படிப்பில் சேர எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வின் ஆங்கில மொழித்திறன் பகுதியான வெர்பல் பற்றி, “தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு வெர்பல் ஏறாது, மறுபடி எழுதினால் இரண்டுக்கும் சராசரி போட்டு அனுப்பிவிடுவார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். சராசரி கிடையவே கிடையாது. ஸ்கோர் செலெக்ட் வசதியில் எந்தத் தேர்வின் மதிப்பெண் போக வேண்டும் என்பதை எழுதியவரே தேர்ந்தெடுக்கலாம். 21 நாள் இடைவெளி விட்டு, 12 மாதத்துக்குள் 5 முறை வரை எழுதலாம்.

சொற்பட்டியல் மனப்பாடம்தான் வழி என்பதும் பழைய கதை. எதிர்ச்சொல் கேள்விகளை 2011லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது 27 கேள்விகளில் ஏறக்குறைய பாதி வாசித்துப் புரிந்துகொள்வது. மீதி, வாக்கியத்தில் விடுபட்ட சொல்லை நிரப்புவது. அதில் வாக்கியமே துப்புக் கொடுக்கும்: ‘ஆல்தோ’ (இருந்தாலும்) என்று தொடங்கினால் அடுத்த பாதி எதிர்ப்பக்கம் திரும்பும். ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் ஒன்று தவறினாலும் மதிப்பெண் போச்சு. சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். இதெல்லாம் பழகினால் வருவது, பள்ளியைப் பொறுத்ததல்ல.

இரண்டாம் பகுதி எவ்வளவு கடினம், தெரியாத கேள்வியை விட்டுவிடலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு: வெர்பலின் இரண்டு பகுதிகளில் முதல் பகுதியை எப்படிச் செய்கிறாயோ, அதை வைத்துத்தான் இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். அப்புறம், தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். எதையும் காலியாக விடாதேம்மா.