ஹூஸ்டனில் ஒரு குவார்ட்டர்

(ஹூஸ்டன் நகரின் ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையம். உள்ளே ஒட்டுத் துணிப் போர்வைகளுக்கான சர்வதேச குவில்ட் திருவிழா. வெளி நடையில் ஒரு பெஞ்ச். மனைவி வாங்கிய நான்கு பைகளுக்கு நடுவே தம்பி உட்கார்ந்திருக்கிறார். மகள் வீட்டுக்கு வந்திருக்கும் அண்ணாச்சி, கைக்கொன்றும் கழுத்தில் ஒன்றுமாக மூன்று பைகளோடு வருகிறார்.)

அண்ணாச்சி: தம்பி நம்ம ஊரோ?

தம்பி: எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அண்ணாச்சி?

அண்ணாச்சி: மடியில் எவர்சில்வர் டப்பா. புளியோதரை மணம் அந்தக் கதவு வரைக்கும் வருகிறதே. அது சரி, நான் அண்ணாச்சி என்று எப்படித் தெரிந்தது?

தம்பி: 'தம்பி' என்று இழுத்தீர்களே, அதில் தாமிரபரணி ஓடுகிறது. உட்காருங்கள். பையை இப்படி வையுங்கள். மூன்றுதானா?

அண்ணாச்சி: இப்போதைக்கு மூன்று.

தம்பி: எனக்கு நான்கு. மணி பதினொன்றுதான் ஆகிறது, சாயங்காலத்துக்குள் ஒன்பது ஆகிவிடும். இது எனக்கு எட்டாவது வருஷம்.

அண்ணாச்சி: எட்டு வருஷமும் இதே பெஞ்சா?

தம்பி: பெஞ்ச் மாறும், பை மாறாது. ஏன், நீங்கள் உள்ளே போகவில்லையா?

அண்ணாச்சி: போனேன். அனுப்பிவிட்டார்கள். ஒரு போர்வை தொங்கியது. நல்ல வேலைப்பாடு. சும்மா ஓரத்தை விரலில் பிடித்துப் பார்த்தேன். எங்கிருந்து வந்தாளோ, ஓர் அம்மாள் வெள்ளைக் கையுறையோடு ஓடி வந்து, தொடாதீர்கள் என்கிறாள். தம்பி, 31 வருஷம் கோ-ஆப்டெக்ஸில் துணியைத் தொட்டுத்தான் சம்பளம் வாங்கினேன். கை வைத்தால் எத்தனையாம் நம்பர் நூல் என்று சொல்லிவிடுவேன். என்னைப் போய்க் கண்ணால் மட்டும் பார் என்றால், மூக்கைப் பொத்திக்கொண்டு சாம்பாரை ருசி பார் என்பது மாதிரி இருக்கிறது.

தம்பி: அந்த வெள்ளைக் கையுறைக்காரர்களிடம் கேட்டால் அவர்களே பின்பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார்கள்.

அண்ணாச்சி: பின்பக்கம் எதற்கு?

தம்பி: தையலின் யோக்கியதை அங்கேதான் தெரியும். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்த்த கையோடு அவருடைய அம்மாவையும் பார்ப்பதில்லையா?

அண்ணாச்சி: நியாயம்தான். கூட்டத்தைப் பார்த்தீர்களா? தீபாவளித் தள்ளுபடியின்போதுகூட எங்கள் கடையில் இப்படி அலைமோதியதில்லை.

தம்பி: 2024ல் இதற்குப் பொன்விழா. 50,000 பேருக்கு மேல் வந்த வருஷங்கள் எல்லாம் உண்டு. உங்கள் வீட்டு மதினியை யார் இதில் இழுத்துவிட்டது?

அண்ணாச்சி: பேத்தி பிறந்தாள் என்று வந்தோம். பக்கத்து வீட்டுப் பாட்டி குழந்தைக்கு ஒரு குட்டிக் குவில்ட் தைத்துக் கொடுத்தாள். அன்றைக்குப் பிடித்தது. மேலே ஒட்டுத் துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்து ஊடுதையல். அதெல்லாம் சரி. ஆனால் தம்பி, நல்ல முழுத் துணியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். வெட்டியதைச் சேர்த்துத் தைத்து மறுபடியும் முழுத் துணி ஆக்குகிறார்கள். எங்கள் கடையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் ஆடிட்டில் மாட்டியிருப்பான்.

தம்பி: (பைக்குள் எட்டிப் பார்த்து) மதினி பரவாயில்லை. அளவாகத்தான் வாங்கியிருக்கிறார்கள். எல்லாம் ஃபேட் குவார்ட்டர்.

அண்ணாச்சி: (பதறி) ஏலே, மெதுவாக! குவார்ட்டரா? என் சர்வீஸ் முழுக்க அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன் நான்.

தம்பி: ஐயோ, இது துணிக் குவார்ட்டர். கால் கெஜம் துணியை நேராக வெட்டினால் என்ன கிடைக்கும்?

அண்ணாச்சி: துணியின் அகலம், அதாவது பன்னா, 44 அங்குலம் என்றால் 9க்கு 44. ரிப்பன் மாதிரி. ஒன்றுக்கும் ஆகாது.

தம்பி: அதனால் அரை கெஜம் வெட்டி, அதைப் பன்னாவின் நடுவில் பாதியாக்கிவிடுகிறார்கள். 18க்கு 22. அதே கால் கெஜம்தான், ஆனால் கொழுகொழுவென்று இருக்கும்.

அண்ணாச்சி: (மனதுக்குள் பெருக்கிப் பார்த்து) இரண்டும் 396 சதுர அங்குலம். அடடே. 31 வருஷத்தில் எனக்கு இது தோன்றவில்லையே. சரி, ஜெல்லி ரோல் என்றால் என்ன? நேற்று ராத்திரி மகளிடம் "ரெண்டு ஜெல்லி ரோல், ஒரு லேயர் கேக்" என்று கிசுகிசுக்கிறாள். எனக்கும் சர்க்கரை, அவளுக்கும் சர்க்கரை. பெரிய சண்டையாகிவிட்டது.

தம்பி: ஜெல்லி ரோல் என்றால் இரண்டரை அங்குல அகலத்தில் வெட்டிய பட்டைகள். நாற்பது பட்டை வரை சுருட்டி வைத்திருப்பார்கள். லேயர் கேக் என்றால் பத்து அங்குலச் சதுரங்களின் அடுக்கு.

அண்ணாச்சி: அதாவது கட்பீஸ்.

தம்பி: கட்பீஸேதான்.

அண்ணாச்சி: நம் ஊரில் கட்பீஸ் என்றால் பாதி விலைக்குத் தள்ளிவிடுவோம். இங்கே வெட்ட வெட்ட விலை ஏறுகிறதே! இந்த வியாபாரம் தெரியாமல் ரிட்டயர் ஆகிவிட்டேன் தம்பி.

தம்பி: வியாபாரமும் எல்லோருக்கும் ஓடவில்லை. ஜோஆன் என்று ஊரெல்லாம் கிளை வைத்த துணிக்கடை, அது போனது தெரியுமா? 1943ல் ஒஹாயோவில் தொடங்கியது. 2024 மார்ச்சில் ஒரு திவால் மனு, 2025 ஜனவரியில் இன்னொன்று. அந்த மே மாதத்தோடு எண்ணூறு கிளைகளையும் மூடிவிட்டார்கள். என் மனைவி துஷ்டி கேட்கப் போகிற மாதிரி கடைசி வாரம் தினமும் போனாள்.

அண்ணாச்சி: பாவம். வெறுங்கையோடா திரும்பினாள்?

தம்பி: துணி தீர்ந்த பிறகு அலமாரியை விற்றார்கள். துணி வெட்டும் மேசை இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. நாங்கள் சாப்பிடுவது சோபாவில். கார் நிற்பது தெருவில்.

அண்ணாச்சி: காருக்கு என்ன வந்தது?

தம்பி: கராஜில் லாங்ஆர்ம் மெஷின் படுத்திருக்கிறது. ஊடுதையல் போடுவதற்கு. அதன் மேசை பன்னிரண்டு அடி. விலையைக் கேட்காதீர்கள், சாப்பிடும் நேரம். அதுபோக வீட்டில் பதினொரு யூஎஃப்ஓ.

அண்ணாச்சி: பறக்கும் தட்டா?

தம்பி: பறந்தால்தான் தேவலையே! தொடங்கிப் பாதியில் விட்ட போர்வைகளுக்கு இவர்கள் வைத்த பெயர் அது. 'அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட்' என்பதன் சுருக்கம். இன்னும் கேளுங்கள். ஆயுசுக்குள் தைத்து முடிக்க முடியாத அளவு துணி சேர்த்துவிட்டால் அந்த நிலைமைக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறார்கள்.

அண்ணாச்சி: புதுத் துணியை வெட்டுகிறார்களே, பழைய துணியில் யாருமே தைப்பதில்லையா? எங்கள் அம்மா பழஞ்சேலையை நாலாக மடித்துத் தைத்துத்தான் எங்களைப் படுக்கப் போட்டாள்.

தம்பி: இருக்கிறார்களே. அலபாமாவில் ஆறு வளைகிற இடத்தில் கீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வம்சம். அந்த ஊர்ப் பெண்கள் வீட்டில் குளிர் தாங்க முடியாமல் கிழிந்த வேலைச் சட்டை, கால்சட்டையை எல்லாம் சேர்த்துத் தைத்தார்கள். 2002ல் அந்தப் போர்வைகளை இதே ஹூஸ்டனில், நுண்கலை அருங்காட்சியகத்தில் ஓவியம் மாதிரி மாட்டினார்கள். பிறகு நியூயார்க்கில். 2006ல் தபால்தலையே வந்துவிட்டது.

அண்ணாச்சி: முழங்கால் தேய்ந்த இடமெல்லாம் தெரியுமா?

தம்பி: தெரியும். ஜீன்ஸ் வெயிலில் வெளுத்திருக்கும். பாக்கெட்டைப் பிரித்த இடம் மட்டும் ஒரு சதுரமாகக் கருநீலத்தில் நிற்கும்.

அண்ணாச்சி: (கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து) அதையும் தொட விடமாட்டார்களோ?

தம்பி: நிச்சயமாக விடமாட்டார்கள்.

அண்ணாச்சி: ம். சரி, நம்மை மாதிரி பை சுமக்கிறவர்களுக்கு இந்த நாட்டில் ஒரு வழியும் கிடையாதா?

தம்பி: மிசௌரியில் ஹாமில்டன் என்று ஒரு சின்ன ஊர். இரண்டாயிரம் பேர்கூடக் கிடையாது. 2008ல் ஒரு குடும்பம் அங்கே குவில்ட் கடை வைத்தது. அந்தக் குடும்பத்து அம்மாள் யூடியூபில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும் பிடித்துக்கொண்டது. இப்போது கடைவீதியில் வரிசையாக அவர்கள் கடைதான். பூப்போட்ட துணிக்கு ஒன்று, குழந்தைத் துணிக்கு ஒன்று. நடுவே புருஷன்மாருக்கென்றே ஓர் இடம். சாய்வு நாற்காலி, பெரிய டிவி.

அண்ணாச்சி: (கண்கள் விரிய) இலவசமாகவா?

தம்பி: சும்மா போய்ச் சாய்ந்துகொள்ளலாம்.

அண்ணாச்சி: அப்படியானால் அந்த நாற்காலிதான் இருப்பதிலேயே விலை கூடினது தம்பி. புருஷன் குறட்டை விடுகிற ஒவ்வொரு மணிக்கும் இவள் நூறு டாலர் கரைப்பாள். வியாபாரம் தெரிந்த குடும்பம். (பைக்குள் கையை விட்டவர், அப்படியே நிற்கிறார்.) ஏலே.

தம்பி: என்ன அண்ணாச்சி?

அண்ணாச்சி: (துணியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து) இது அச்சடித்த துணி இல்லை. தறித் துணி. நீளவாட்டில் ஓடும் பாவு பச்சை, குறுக்கே ஓடும் ஊடை நீலம். இப்படிச் சாய்த்தால் பச்சை, அப்படிச் சாய்த்தால் நீலம். மயில்கழுத்து! எங்கே அட்டை... மேட் இன் இந்தியா. கெஜம் என்ன விலை போட்டிருக்கிறான்?

தம்பி: பதின்மூன்று டாலர்.

அண்ணாச்சி: ஆயிரத்து நூறு ரூபாய்க்கு மேல் வருகிறதே! நம் ஊர்ச் சரக்கு. கடல் தாண்டி வந்து, இவள் கையால் மறுபடி கடல் தாண்டப் போகிறது. ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டிதான் விடுவான். 31 வருஷம் என் கடை வாசலை மிதிக்காதவள், ஹூஸ்டனுக்கு வந்து என் சரக்கை வாங்குகிறாள்! தள்ளுபடி கேட்டாளா, இல்லை வாயை மூடிக்கொண்டு கொடுத்தாளா?

தம்பி: இங்கே அப்படியெல்லாம் கேட்க மாட்டார்கள் அண்ணாச்சி.

அண்ணாச்சி: கேட்காமல் எப்படிக் கொடுப்பான்? பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தே நிமிஷம்.

(முக்கால் மணி நேரம் கழிகிறது. பெஞ்சில் தம்பியைக் காணவில்லை, பைகள்தான் தெரிகின்றன. அண்ணாச்சி திரும்பி வருகிறார். ஸ்வெட்டர் முன்பக்கம் புடைத்திருக்கிறது.)

தம்பி: (பைகளுக்குப் பின்னாலிருந்து) தள்ளுபடி கிடைத்ததா?

அண்ணாச்சி: தள்ளுபடியா? அந்தக் கடைக்காரியிடம் பாவு எது, ஊடை எது, மயில்கழுத்து எப்படி வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எல்லாத் துணியையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள் தம்பி. அவளாகவே சொன்னாள். (சுற்றும் முற்றும் பார்த்து) எங்கள் வீட்டம்மா வந்தாளா?

தம்பி: இல்லையே. ஸ்வெட்டருக்குள் என்ன?

அண்ணாச்சி: (காதருகே குனிந்து) குவார்ட்டர். இரண்டு.

தம்பி: அண்ணாச்சி!

அண்ணாச்சி: சத்தம் போடாதீர்கள். காலையிலிருந்து அவளை ஏசிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தால் மானம் போய்விடும். அந்த டப்பாவுக்கு அடியில் வையுங்கள். புளியோதரை மணத்தில் புதுத் துணி வாசம் தெரியாது.