அதே கடல், அதே கம்பி: ஆமாம், இன்னும் போடுவேன்

ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் பகுதியில் இருக்கும் கடலோர ஊர் தொனோஸ்தியா. ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட அந்த ஊர்ப் படங்களுக்குக் கீழே நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கமெண்டை நான் அழிக்கவில்லை. "அதே கடல், அதே கம்பி, எத்தனை நாளைக்குத்தான் காட்டுவீங்க?" இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இன்னும் போடுவேன்.

அந்தக் கம்பி, லா கோன்ச்சா கடற்கரை நெடுக ஓடும் வெள்ளைக் கைப்பிடி. பெயிண்டுக்கு மேல் பெயிண்டாக அடித்து, இரும்புப் பூக்களின் விளிம்பெல்லாம் மழுங்கியிருக்கும். அந்த ஊர்ப் பொடித்தூறலுக்கு சிரிமிரி என்று பேர். குடையை விரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் சட்டை ஈரமாகிவிடும், கம்பியில் வரிசையாகத் துளி நிற்கும். மூன்று வருஷம் அங்கே வேலை பார்த்தேன். பேச ஆள் இல்லாத சாயங்காலங்களில் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். எதிரே சாந்தா கிளாரா தீவு, வலப்பக்கம் உர்குல் குன்று, இடப்பக்கம் இகெல்தோ. உங்களுக்கு அது கம்பி. சரி. எனக்கு அப்படி இல்லை.

"துருப்பிடிச்ச இரும்புக்கு எட்டு படமா?" என்று இன்னொருவர். கடற்கரை முடிகிற இடத்தில், பாறைகளில் பதித்த மூன்று இரும்புச் சிற்பங்கள் அவை. 'காற்றின் சீப்பு' என்று பேர். 1977-இல் வைத்தது. செய்தவர் எதுவார்தோ சில்லிதா, அதே ஊரில் பிறந்து, அந்த ஊர்க் கால்பந்து அணியான ரியல் சொசியதாதுக்குக் கோல்கீப்பராக ஆடி, அப்புறம் சிற்பியானவர். அங்கே தரையில் துளைகள் உண்டு. அலை அடித்தால் காலடியில் காற்று சீறும், பெரிய அலையென்றால் தண்ணீரே பீய்ச்சும். இந்த முறை என் மகள் பயந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அதைத்தான் எட்டு படம் எடுத்தேன்.

காசைக் காட்டுகிறேன் என்கிறார்கள். ஒரு ஹோட்டல் அறையின் படமாவது போட்டிருக்கிறேனா? தங்கியது பழைய தோழி வீட்டில்.

"உங்களை மாதிரி ஆட்கள் படம் போட்டுத்தான் அந்த ஊரில் கூட்டம்" என்பவருக்கு மட்டும் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. வாடகை ஏறியிருப்பதும், சுற்றுலாவை எதிர்த்து ஊர்வலம் போனதும் உண்மை. ஆனால் ஒரு ஊரை நேசிக்கிறவள் அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாதா? நான் யாரையும் கிளம்பி வரச் சொல்லவில்லை.

அப்புறம் அந்தப் பேர். "சான் செபாஸ்தியான்னு எழுதுங்க, தொனோஸ்தியான்னா யாருக்குப் புரியும்?" ஊருக்கு இரண்டுமே அதிகாரபூர்வப் பேர்தான்: சான் செபாஸ்தியான் ஸ்பானிஷ், தொனோஸ்தியா பாஸ்க். ஆனால் எனக்கு அந்த ஊரைச் சொல்லிக் கொடுத்தவர் என் வீட்டுக்கார அம்மா. சர்வாதிகாரி ஃபிராங்கோ ஸ்பெயினை ஆண்ட காலத்தில், வீட்டில் பேசும் பாஸ்க் மொழியைப் பள்ளியிலும் பேசியதற்கு அடி வாங்கியவர். முதல் வாரம் நான் சான் செபாஸ்தியான் என்றதும், "அதுவும் தப்பில்லை, ஆனால் நீ என் வீட்டில் இருக்கிறாய்" என்றார். அன்றிலிருந்து தொனோஸ்தியாதான். 1813 ஆகஸ்ட் 31-இல் பிரிட்டிஷ், போர்ச்சுகீசியப் படைகள் ஊரையே எரித்ததையும், தப்பிய ஒரு தெருவுக்கு அந்தத் தேதியையே பேராக வைத்திருப்பதையும் அந்தத் தெருவில் நிற்க வைத்துச் சொன்னவரும் அவர்தான்.

ஒரு பிப்ரவரியில் எனக்குக் காய்ச்சல். நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா மீன் சூப்போடு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "ஹான், ஹான்" என்றார். சாப்பிடு, சாப்பிடு. கிண்ணம் காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கமெண்ட் போட்டவர் எனக்குச் சொந்தம்தான். பேர் சொல்ல மாட்டேன். அந்த மூன்று வருஷத்தில் அவரிடமிருந்து ஒரு போன் வரவில்லை. சாப்பிட்டியா, எப்படி இருக்கே, ஒரு வார்த்தை இல்லை. நான் தனியாக நடந்தபோது எட்டிப் பார்க்காதவருக்கு இப்போது மட்டும் என் படங்கள் கண்ணை உறுத்துகின்றன. வலிக்கிறது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த அம்மா இப்போது இல்லை. இந்த முறை போனபோது அந்த வீட்டு வாசல்வரை போய்விட்டு, மணியை அடிக்காமல் திரும்பிவிட்டேன். அதைப் படம் எடுக்கவில்லை.

நாளைக்கு அதே ஊரின் கொன்ஸ்தித்துசியோன் சதுக்கத்துப் படங்கள் வரும். முன்பு அங்கே நடந்த காளைச் சண்டையைப் பார்க்க வாடகைக்கு விட்டதால், பால்கனிகளின் மேல் இன்னும் எண்கள் இருக்கின்றன. மொத்தம் பதினேழு படம். எல்லாவற்றையும் போடுவேன்.