மூலப்பத்திரத்தில் மட்டும் மிஞ்சிய தெரு

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் தங்கை மகள் சென்ற மாதம் நான்டக்கெட் தீவுக்குப் போய்வந்து ஒரு வீட்டின் படத்தை அனுப்பியிருந்தாள். உப்புக்காற்றில் சாம்பல் நிறம் ஏறிப்போன மரச்சில்லுகள் வேய்ந்த பழைய வீடு. அதன் முகப்பில் இருந்த சிறு பலகையில் வீடு கட்டிய ஆண்டும், முதன்முதலில் குடியிருந்தவரின் பெயரும், அவர் பார்த்த தொழிலும் எழுதப்பட்டிருந்தன. “நம்ம தாத்தா வீட்டுக்கும் இப்படி ஒண்ணு வெச்சிருக்கலாமே மாமா” என்று அதன்கீழ் எழுதியிருந்தாள். அந்த வீடு இப்போது இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

நான்டக்கெட் தீவின் கதை ஒரு கிரயத்திலிருந்து தொடங்குகிறது. 1659ஆம் ஆண்டு தாமஸ் மேஹ்யூ என்பவர் அந்தத் தீவை 30 பவுனுக்கும், தனக்கொன்று மனைவிக்கொன்று என இரண்டு பீவர் தோல் தொப்பிகளுக்கும் ஒன்பது பேருக்கு விற்றார். அங்கே தலைமுறைகளாக வாழ்ந்துவந்த வாம்பனோவாக் மக்களிடம் பிறகு தனித்தனியாகவும் நிலம் எழுதி வாங்கப்பட்டது என்பதிலிருந்தே, முதல் கிரயம் எவ்வளவு முழுமையான உரிமையைக் கொடுத்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். பிறகு திமிங்கில வேட்டையால் தீவு செழித்தது. 1846ஆம் ஆண்டுப் பெருந்தீயில் நகரின் நடுப்பகுதி எரிந்துபோக, அடுத்தடுத்துத் திமிங்கிலத் தொழிலும் நொடித்ததால் மக்கள் பிழைப்புத் தேடி வெளியேறினார்கள். தீயில் தப்பிய வீடுகளை இடித்துக் கட்ட எவரிடமும் பணமில்லை. மீண்டும் பணக்காரர்கள் வந்து சேர்ந்த காலத்தில், 1955 முதல், பழைய வீடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. அந்தத் தீவின் வீடுகளைக் காத்தது ரசனை என்பதைவிட வறுமை என்றே சொல்வேன். இன்றோ அந்த வீடுகளின் விலை உள்ளூர்க்காரர்கள் எட்டிப்பிடிக்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டது.

எங்கள் ஊரான வேலூரில் நடந்தது இதற்கு நேர்மாறானது. 1900ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை (இன்றைய சி.எம்.சி.) வளர வளர, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வந்து தங்க இடம் தேடினார்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு ஆகியவற்றைச் சுற்றியிருந்த திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக லாட்ஜுகளாயின. இதற்காக நான் ஒப்பாரி வைக்கப்போவதில்லை. மாதக்கணக்கில் சிகிச்சைக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அறை வேண்டும். எங்கள் வீட்டை விற்றபோது வந்த பணத்தில் எனக்கும் பங்கு கிடைத்தது. வீடு போனது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. வீட்டோடு சேர்த்துப் பத்திரத்தையும் கொடுத்துவிட்டு, அதை ஒருமுறைகூடப் படிக்காமல் இருந்தோமே என்பதுதான் குறை.

பாகப்பிரிவினைப் பேச்சு முற்றியிருந்த நாட்களில், வழக்கறிஞருக்குக் கொடுப்பதற்காக மூலப்பத்திரத்தை ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன். அந்த நகல் என்னிடம் தங்கியது தற்செயல்தான். விற்றுப் பல ஆண்டுகள் கழித்து, தங்கை மகள் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகே, அதைப் பொறுமையாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஈசுவர வருஷம் ஆவணி மாதம், அதாவது 1937ஆம் ஆண்டு, என் தாத்தா பெயருக்கு எழுதப்பட்ட சுத்தக் கிரயம் அது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத சாய்ந்த கையெழுத்து. நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம் என்று புதையலில் தொடங்கித் தண்ணீர், கல் வரை எட்டு போகங்களையும் எழுதிக்கொடுக்கும் வழக்கமான வரிகளைத் தாண்டினால் செக்குபந்தி, அதாவது மனையின் நான்கு எல்லை விவரம், வருகிறது. தையற்கடை சாயபு வீட்டுக்கு வடக்கு, எண்ணெய்ச் செட்டியார் மனைக்குத் தெற்கு, போக்குச் சந்துக்கு மேற்கு, காலஞ்சென்ற பள்ளிக்கூட உபாத்தியாயர் பெண்சாதி வீட்டுக்குக் கிழக்கு, இதன் மத்தியில் கிழக்குப் பார்த்த மெத்தை வீடு. (பத்திரத்தில் எல்லோருக்கும் பெயர் உண்டு, அவர்கள் பேரப்பிள்ளைகள் ஊரில் இருப்பதால் இங்கே எழுதவில்லை.) தையற்கடை, செக்கு, திண்ணைப் பள்ளிக்கூடம் மூன்றும் எங்கள் சந்தில் இருந்தன என்பதற்கு இந்த நான்கு வரிகளைத் தவிர வேறு சாட்சி எதையும் நான் கண்டதில்லை. வேலூர் வரலாறு என்றால் கோட்டை, 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்க் கிளர்ச்சி என்று நாம் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். தெருவின் வரலாறு செக்குபந்தியில்தான் இருக்கிறது.

இது புதுப் பழக்கமும் இல்லை. வாணியம்பாடிக்குப் பக்கத்தில் உதயேந்திரத்தில் கிடைத்த செப்பேடுகளும் நிலக்கொடை ஆவணங்களே. நான்கு எல்லையையும் சொல்லி, உடும்போடி ஆமை தவழ்ந்த நிலமெல்லாம் இதற்குள் அடக்கம் என்று எழுதும் மரபில் வந்தவர்கள்தாம் நம் பத்திர எழுத்தர்கள்.

அரசாங்கப் பதிவேட்டில் எல்லாம் இருக்குமே என்று கேட்பவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். விவசாயியிடமிருந்து அரசு நேரடியாக நிலவரி வாங்கிய ரயத்துவாரி முறையில் தீர்வை விளைநிலத்துக்கு என்பதால், கிராமங்களில் வீடுகள் இருந்த நத்தம் முழுவதும் பெரும்பாலும் ஒரே சர்வே எண்ணாகக் கிடந்தது. நத்தம் நிலவரித் திட்டம் வரும்வரை தனித்தனி வீட்டுக்குப் பட்டா கிடையாது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி 100 ரூபாய்க்குக் குறைந்த கிரயத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. அந்தக் காலத்தில் 100 ரூபாய்க்குக் கீழே எத்தனையோ வீடுகள் கைமாறியிருக்கும். வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினைகளுக்குக் கணக்கே இல்லை. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகர் சித்தூர். அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகே தலைமையிடம் வேலூருக்கு வந்தது. 1989ஆம் ஆண்டு திருவண்ணாமலையும், 2019ஆம் ஆண்டு ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஒவ்வொரு பிரிவிலும் கணக்குகள் இடம் மாறின. எந்த மனை யாருடையது என்பதை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய கர்ணத்தின் (கிராமக் கணக்குப்பிள்ளையின்) பதவியும் 1980ஆம் ஆண்டோடு ஒழிந்தது. அந்தப் பதவி பரம்பரை அதிகாரமாக இருந்து செய்த கொடுமைகளை அறிந்தவர்கள் அதற்காக வருந்த மாட்டார்கள், நானும் வருந்தவில்லை. ஆனாலும் அவர் தலையில் இருந்த கணக்கை எவரும் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. இணையத்தில் வில்லங்கம் பார்த்தாலோ இவ்வளவு பழைய பதிவுகள் பொதுவாக வருவதில்லை.

ஆக, மூலப்பத்திரம் ஒன்றுதான் மிச்சம். அதை விற்கும் நாளில் வாங்குபவரிடம் ஒப்படைக்கிறோம், அவர் கடனுக்காக வங்கியில் வைக்கிறார், அங்கே அது பெட்டகத்துக்குள் போய்விடுகிறது. சட்டப்படி அது சரிதான். 30 ஆண்டைக் கடந்த ஆவணம் உரிய கையிலிருந்து வந்தால் நீதிமன்றமே அதன் கையெழுத்தை உண்மையென ஊகித்துக்கொள்ள இடமுண்டு என்பதால், அசல் சொத்தோடு போவதே முறை. நான் கேட்பது அசலை அல்ல. ஒப்படைக்கும் முன்பு ஒரு நகல் எடுங்கள், செக்குபந்தியைத் தெளிந்த கையெழுத்தில் பெயர்த்தெழுதுங்கள், கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகமோ மாவட்ட மைய நூலகமோ அதைப் பெற்றுக்கொள்ள ஒரு வழி செய்யட்டும் என்கிறேன். பத்திரத்தை வெளியில் காட்டினால் போலிப் பத்திரம் தயாரிப்பவர்களுக்கு வாய்ப்பாகிவிடும் என்று ஒரு நண்பர் எச்சரித்தார். அந்தப் பயம் நியாயமானதே. சர்வே எண்ணையும் கையெழுத்தையும் ரேகையையும் மறைத்துவிட்டு எல்லைகளை மட்டும் கொடுத்தால் போதும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு சங்கடம் இருக்கிறது. நான் படித்த பத்திரத்தில் ஆண்கள் ஒவ்வொருவருக்கும் பெயரோடு சாதியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உபாத்தியாயரின் மனைவிக்கு இன்னாருடைய பெண்சாதி என்பதைத் தாண்டி ஒரு பெயரில்லை. புழைக்கடை வழியாக வந்து வேலை செய்துவிட்டுப் போனவர்களின் குடிசைகள் எந்த எல்லையிலும் வரவில்லை, ஏனென்றால் பத்திரம் எழுத அவர்களிடம் சொத்து இருந்ததில்லை. பத்திரங்களைக் கொண்டு தெருவின் வரலாற்றை எழுத உட்காருபவர்கள் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரி உண்டு. வீட்டின் வடபுறத்துக் கிணற்றில் எண்ணெய்ச் செட்டியார் மனைக்காரருக்கு நீர் இறைக்கும் பாத்தியமும், அதற்குப் போய்வர நடைபாதைப் பாத்தியமும் எக்காலத்துக்கும் உண்டு என்பது. கிணறு தூர்க்கப்படவில்லை, சிமெண்ட் பலகை போட்டு மூடி, அதன்மேல் லாட்ஜின் ஜெனரேட்டரை வைத்திருக்கிறார்கள். செட்டியாரின் கொள்ளுப்பேரன் அதே மனையில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறான். சென்ற வாரம் அவனிடம் நகலைக் காட்டி அந்த வரியைப் படித்துச் சொன்னேன். இரண்டு முறை திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அப்ப அந்த ஜெனரேட்டர நகத்தச் சொல்லலாமா பெரிப்பா? ராத்திரில தூங்க முடியல” என்றான்.