சாம் கேம்ஜிக்கு எதற்கு அந்தப் பதவி?

தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கார்டு கேம் ஆடுகிறவர்களிடம் பேசும்போதெல்லாம் ஒரு பேச்சு வந்துவிடுகிறது. தீம் டெக், அதாவது கதையில் ஒரே கூட்டத்தைச் சேர்ந்த கார்டுகளால் கட்டிய கட்டு, என்றால் ஆசைக்கு ஆடிப் பார்ப்பது, ஜெயிக்க வேண்டுமானால் எல்லா இனத்திலிருந்தும் பலமான கார்டுகளைப் பொறுக்கிப் போட்டால்தான் முடியும் என்று. இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. டோல்கீன் கதையில் வரும் குட்டை மனிதர்களான ஹாபிட்களை வைத்து டெக் ஒன்றைக் கட்டி, கலைத்து, மறுபடி கட்டி ரொம்ப நாளாக ஆடி வருகிறேன். தீம் டெக் தோற்கிறது என்றால் பெரும்பாலும் தீமை அரைகுறையாகப் பிடித்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம், தீம் பலவீனமானது என்று அர்த்தம் இல்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஃபேண்டஸி ஃப்ளைட் கேம்ஸ் 2011இல் வெளியிட்டது, 2022இல் திருத்திய பதிப்பு வந்தது. எதிரே உட்கார்ந்து நம்மைத் தோற்கடிக்கப் பார்க்கும் ஆள் கிடையாது, ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே கட்சி. எதிரிகளும் ஆபத்தான இடங்களும் இன்னொரு கார்டுக் கட்டிலிருந்து தானாக வந்து விழும். தனியாகவும் ஆடலாம். தொடக்கத்திலிருந்தே நம் பக்கம் மேசையில் நிற்கும் ஹீரோ மூன்று வரை, கட்டில் குறைந்தது 50 கார்டு, ஒரே கார்டில் 3 பிரதிக்கு மேல் கூடாது. பெட்டியில் என்ன கார்டு இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும், சீட்டுக் குலுக்கல் மாதிரி பாக்கெட் வாங்கிக் காசைக் கரைக்கும் வேலை இல்லை.

இதில் த்ரெட் என்று ஒரு எண் உண்டு. நீங்கள் எதிரியின் கண்ணில் எவ்வளவு படுகிறீர்கள் என்பதற்கான அளவு அது. மூன்று ஹீரோக்களின் எண்ணைக் கூட்டினால் வருவது தொடக்க த்ரெட். ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒன்று ஏறும், 50ஐத் தொட்டால் நீங்கள் வெளியே. ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு என்கேஜ்மென்ட் எண் இருக்கும், உங்கள் த்ரெட் அதை எட்டியதும் அவன் உங்களைத் தேடி வருவான். எட்டாதவரை அவன் ஸ்டேஜிங் பகுதியில், அதாவது இன்னும் யாரோடும் மோதாத எதிரிகள் காத்திருக்கும் இடத்தில், நின்று பயணத்தைக் கடினமாக்குவானே தவிர உங்கள் மேல் பாய மாட்டான். ஆனால் நீங்களாக விரும்பினால் சுற்றுக்கு ஒருவனை வலியப் போய் எதிர்கொள்ளலாம்.

என் டெக்கில் மூன்று ஹாபிட் ஹீரோக்கள். த்ரெட் கணக்கில் சாம் கேம்ஜி 8, மெர்ரி 6, பிப்பின் 6, மொத்தம் 20. மூன்று கனமான ஹீரோக்களைப் போட்டால் முப்பதை ஒட்டித்தான் தொடங்குவீர்கள், அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு கீழே என்று புரியும். த்ரெட்டைவிட அதிக என்கேஜ்மென்ட் எண் உள்ள எதிரியை எதிர்கொண்டால், களைத்துக் கிடந்த (அந்தச் சுற்றில் ஏற்கெனவே ஒரு வேலை செய்து முடித்த) சாம் மறுபடி எழுந்து நிற்பான், அந்தச் சுற்று முடியும்வரை வில்பவர் (பயணத்துக்கான பலம்), தாக்குதல், தற்காப்பு மூன்றிலும் ஒன்று கூடும். அதே சமயம் பிப்பின் ஒரு கார்டு எடுத்துத் தருவான். அதோடு நம் ஹாபிட் ஹீரோ ஒவ்வொருவருக்கும் எல்லா எதிரிகளின் என்கேஜ்மென்ட் எண்ணிலும் ஒன்றைக் கூட்டுவதும் அவன்தான். மெர்ரிக்கு ஹாபிட் ஹீரோ ஒருவருக்கு ஒரு தாக்குதல் வீதம் மூன்று. இதைப் படித்ததுமே கதை கண்ணில் ஓடுகிறது இல்லையா? யார் கண்ணிலும் படாத சின்ன ஆட்கள், ஒளிந்து போய், தாங்களே தேர்ந்தெடுத்த நேரத்தில், தங்களைவிடப் பெரியவன் மேல் பாய்கிறார்கள். தீம் என்று நான் சொல்வது இதைத்தான். ஹாபிட் என்று அச்சடித்த கார்டை எல்லாம் அள்ளிப் போட்டு 50 சேர்த்தால் அது ஹாபிட் படக் கண்காட்சி, டெக் இல்லை. கார்டு என்ன செய்கிறது என்பதில் தீம் இருக்கிறது, அதன் பெயரிலும் படத்திலும் மட்டும் இல்லை.

அதனால்தான் ஸ்டீவர்ட் ஆஃப் கோண்டோர் (கோண்டோர் ராஜ்ஜியத்தின் ஆட்சிப் பொறுப்பாளர்) என்ற கார்டு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம். லீடர்ஷிப் நிறம் (அந்த நிற ஹீரோவின் பணத்தில்தான் வாங்க முடியும்), விலை 2, ஹீரோ மேல் மாட்டினால் சுற்றுக்கு 2 ரிசோர்ஸ், அதாவது கார்டு இறக்கக் கட்டும் பணம், கூடுதலாகக் கொட்டும். இந்த ஆட்டத்தில் இதற்கு ஈடான பணக் கார்டு குறைவு, மறுக்கவில்லை. சாம் லீடர்ஷிப் ஹீரோ என்பதால் ஆன்லைனில் காணும் ஹாபிட் டெக்குகளில் அடிக்கடி அவன் தலையில்தான் அது ஏறுகிறது. தோட்டக்காரன் ஒருவன் ஒரு ராஜ்ஜியத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்று, கோண்டோர் இனப் பெயரும் வாங்கிக்கொண்டு, பிறகு புதருக்குள் ஒளிந்து போகிறான். எனக்கு அது ஒட்டவே இல்லை. ஒட்டாதது கதைக்கு மட்டும் இல்லை, ஆட்டத்துக்கும்தான். பணம் கொட்டுவதால் விலை கூடிய கார்டுகளைச் சேர்க்கத் தோன்றும், அவற்றை இறக்கும்வரை காத்திருக்கத் தோன்றும், காத்திருக்கும் ஒவ்வொரு சுற்றும் த்ரெட் ஒன்று ஏறும். ஹாபிட்களின் ஒரே சொத்து அந்தத் தாழ்ந்த எண். அதைச் செலவழித்து நாணயம் சேர்ப்பானேன்?

ஸ்டீவர்டுக்குப் பதிலாக நான் வைத்திருப்பது சீக்ரஸி கார்டுகள். த்ரெட் 20 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அவற்றின் விலை இறங்கும். டைம்லி எய்ட் சாதாரணமாக 4 ரிசோர்ஸ், சீக்ரஸியில் வெறும் 1. டெக்கின் மேல் ஐந்து கார்டைத் திறந்து, அதில் இருக்கும் ஒரு கூட்டாளியை (ஹீரோ அல்லாத துணை ஆளை) சும்மாவே மேசையில் இறக்கலாம். சிக்கல் எங்கே என்றால், நாம் தொடங்குவது சரியாக 20இல். முதல் சுற்று முடிந்ததும் 21. கதவு சாத்தியாயிற்று! அந்தக் கார்டு முதல் சுற்றிலேயே கையில் இருக்க வேண்டும். 50 கார்டில் 3 பிரதி வைத்தால் முதல் 7 கார்டுக்குள் அது வர வாய்ப்பு சுமார் 37 சதவீதம், தொடக்கக் கையை ஒருமுறை மாற்றும் உரிமையைப் பயன்படுத்தினால் பாதிக்குச் சற்று மேலே. மீதி ஆட்டங்களில் அது நாலு சுற்றுக்குச் சாமின் ரிசோர்ஸ் முழுவதையும் கேட்கும் செத்த கார்டு.

இங்கேதான் கான்டால்ஃப் வருகிறார். முதல் பெட்டியில் வந்த கூட்டாளி கார்டு, விலை 5, எல்லாத் திறனும் 4, சுற்று முடிந்ததும் கிளம்பிவிடுவார். வரும்போது மூன்றில் ஒன்று செய்வார்: 3 கார்டு எடுத்துத் தருவார், அல்லது ஒரு எதிரிக்கு 4 காயம், அல்லது நம் த்ரெட்டை 5 குறைப்பார். டைம்லி எய்ட் முதல் சுற்றில் அவரையே திறந்துவிட்டால் ஒரே ரிசோர்ஸில் 20 என்பது 15 ஆகும், வேறு எதுவும் ஏற்றிவிடாவிட்டால் ஆறாவது சுற்று வரை சீக்ரஸி நம் கையில். மந்திரவாதியை ஹாபிட் டெக்கில் வைப்பது தீமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தாராளமாக. எதிர்பாராத நேரத்தில் வந்து காப்பாற்றிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிற அந்த மனிதர் இல்லாமல் ஹாபிட் கதையே கிடையாது.

சரி, சோதனைக்கு வருவோம். முதல் பெட்டியில் மூன்று சாகசங்கள், கடினம் 1, 4, 7 என்று போட்டிருப்பார்கள். முதலாவதை ஜெயித்துவிட்டு என் டெக் ரெடி என்று பதிவு போடுகிறவர்கள் உண்டு. அதை எந்த டெக்கும் ஜெயிக்கும். இரண்டாவதான ஆண்டுயின் நதிப் பயணம்தான் உண்மையான உரைகல். ஹில் ட்ரோல் என்ற பெரிய எதிரி ஆரம்பத்திலேயே வந்து நிற்கும். என்கேஜ்மென்ட் 30, தாக்குதல் 6, தற்காப்பு 3, உயிர் 9. இருபத்தொன்பதில் தொடங்கும் டெக் மேல் அது இரண்டாவது சுற்றிலேயே வந்து விழும். பிப்பின் இருப்பதால் நமக்கு அதன் எண் 33. அதாவது பத்துச் சுற்றுக்கு மேல் அதை நிற்க வைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம்.

அந்த நேரத்தில் என்ன சேர்க்கிறோம் என்பதுதான் டெக்கின் உயிர். டாகர் ஆஃப் வெஸ்டர்னெஸ் ஒரு ரிசோர்ஸ்தான், நம் த்ரெட்டைவிட என்கேஜ்மென்ட் அதிகமான எதிரி என்றால் 2 தாக்குதல் கூட்டும். ட்ரோலை ஒரே வீச்சில் சாய்க்க 12 வேண்டும். மெர்ரி 3, அவன் கையில் இரண்டு கத்தி, ஆக 7. எழுந்து நின்ற சாம் 2, அவனுக்கு ஒரு கத்தி, ஆக 4. வெறுங்கையோடு பிப்பின் 1. பன்னிரண்டு! ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டெக்கில் இருக்கும் மூன்று கத்தியும் அங்கே வேலை செய்கிறது. முதன்முறை இது கூடி வந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

ஆனால் அடிக்கும் முன் ட்ரோலின் அடியை யாராவது வாங்க வேண்டும். ஒற்றை உயிர் கூட்டாளியைப் பலி கொடுக்கலாமே என்றால், இந்த ட்ரோல் கொடுக்கும் மிச்சக் காயம் அப்படியே த்ரெட்டில் ஏறும். தற்காப்பே இல்லாத ஒற்றை உயிர் ஆள் என்றால் 5 ஏறிவிடும். வேறு டெக்குக்கு அது தலைவலி, நமக்கு உயிர்நாடியிலேயே வெட்டு. கான்டால்ஃப் நின்றால் தற்காப்பு 4, காயம் 2 மட்டும், மிச்சம் எதுவும் இல்லை. எதிரி அடிக்கும்போது கூடவே திறக்கும் ஷேடோ கார்டு கெடுக்காத வரையில். நதிக்கரையில் கிழவர் மறித்து நிற்க மூன்று சின்னப் பயல்கள் கத்தியோடு பாயும் இந்தக் காட்சியை யாரும் எழுதித் தரவில்லை, கணக்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. ஸ்டீவர்ட் போட்ட டெக்கும் ட்ரோலைக் கொல்லும். இப்படிக் கொல்லாது.

சோதிக்கும்போது ஜெயித்தோமா தோற்றோமா என்பதை மட்டும் குறிக்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் கையில் ஆடாமல் தங்கிய கார்டுகள் எவை என்று பாருங்கள், திரும்பத் திரும்ப ஒரே கார்டு தங்கினால் அதை எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். ஃபாஸ்ட் ஹிட்சை நான் ஒருபோதும் எடுக்க மாட்டேன், 1 ரிசோர்ஸில் களைத்த ஹாபிட்டை எழுப்பும் கார்டு அது. மூன்று ஹீரோக்களின் வில்பவர் சேர்த்து 7, அதைப் பயணத்துக்கும் அனுப்பி அதே சுற்றில் சண்டைக்கும் இறக்க அது இல்லாமல் வழி இல்லை.

கூட ஆள் சேர்த்து ஆடும்போது இன்னொரு விஷயம் தெரிகிறது. தம்பி குள்ளர் டெக் ஆடுவான், அவன் த்ரெட் என்னுடையதைவிட நல்ல உயரம். ஸ்டேஜிங் பகுதியில் இருக்கிறவன் எல்லாம் நேராக அவனிடம்தான் போவான். "என்னண்ணே, எல்லாரும் என்னையே தேடி வர்றானுங்க, நீ பாட்டுக்கு உக்காந்திருக்க" என்று கத்துவான். நியாயம்தான். ஆனால் கோடாரிக்காரன் முன்னால் நின்று அடி வாங்க, கண்ணில் படாதவர்கள் பாரத்தைச் சுமந்து பாதையைக் கடப்பதுதானே இந்தக் கூட்டணியின் கணக்கு? அவன் சண்டையைப் பார்த்துக்கொள்வதால் நான் மூவரையும் பயணத்துக்கு அனுப்ப முடிகிறது. கூட்டாக ஆடும் ஆட்டத்தில் ஒவ்வொரு டெக்கும் எல்லாம் செய்ய வேண்டியதில்லை. இதனாலேயே இந்த ஆட்டத்தில் தீம் டெக்குக்கு இடம் அதிகம்.

முதல் பெட்டியின் மூன்றாவது சாகசமான டோல் குல்டூர் மட்டும் இன்னும் மசியவில்லை. தொடக்கத்திலேயே ஒரு ஹீரோவைச் சிறைபிடித்துக் கொண்டு போய்விடும், யார் என்பது அதிர்ஷ்டம். பிப்பின் போனால் எதிரிகளின் எண் மூன்று இறங்கும், மெர்ரியின் தாக்குதலும் ஒன்று குறையும். சாம் போனால் லீடர்ஷிப் கார்டு எதற்கும் பணம் கட்ட ஆள் இல்லை, டைம்லி எய்ட் உட்பட. ஒருவரை ஒருவர் தாங்கி நிற்கும் டெக்கில் ஒரு கல்லை உருவினால் இப்படித்தான் ஆகும். இப்போது டைம்லி எய்ட்டை 3இலிருந்து 2 ஆக்கி, அந்த இடத்தில் ஹாபிட்களுக்கு ஆளுக்கு ஓர் உயிர் கூட்டும் பில் என்ற குதிரையைச் சேர்த்து ஆடிக்கொண்டிருக்கிறேன். ஸ்டீவர்ட் இல்லாமல், ஹாபிட்களை மட்டும் வைத்து, தனியாளாக டோல் குல்டூரைத் தாண்டியவர்கள் யாராவது இருந்தால் கார்டுப் பட்டியலைக் கீழே போடுங்கள். சாம் சிறைப்பட்ட ஆட்டம் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.