அழும் பூமிப்பந்தை இனி வரைய மாட்டேன்

போன வாரம் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் சுற்றுச்சூழல் ஓவியப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். மேசையில் பரப்பி வைத்திருந்த படங்களில் பாதிக்கு மேல் ஒரே படம். உருண்டையான பூமி, அதற்கு இரண்டு கண், கண்ணில் நீர், வாயில் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர். மீதியில் முக்கால்வாசி வெட்டிய அடிமரமும் பக்கத்தில் ஒரு கோடாலியும். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்தப் பூமிப்பந்தை அவர்கள் எங்களைப் போன்றவர்களிடம்தான் கற்றுக்கொண்டார்கள். பதினெட்டு வருஷமாகக் கேலிச்சித்திரம் போட்டுப் பிழைக்கிற நானே அதை எத்தனையோ தடவை வரைந்து கொடுத்திருக்கிறேன். ஏப்ரல் 22 நெருங்கினால் போன் வரும், "பூமி தினத்துக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க" என்பார்கள், அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவேன். இனி மாட்டேன். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அந்தக் குவியலில் ஒரு படம் மட்டும் தனியாக நின்றது. மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒரு பிள்ளை தன் வீட்டுக்குப் பின்னால் போகிற லோங்காங்கை, அதாவது சாக்கடை வாய்க்காலை, வரைந்திருந்தாள். அதிலிருந்து ஒரு உடும்பு ஏறி வருகிறது, அதன் முன்கால் ஒரு மீ பாக்கெட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. உடும்பின் கழுத்து மடிப்பைக்கூட விடவில்லை. "நீ பார்த்தியாம்மா?" என்று கேட்டேன். "ரெண்டு நாள் பார்த்தேன் சார், காலை உதறிக்கிட்டே இருந்துச்சு" என்றாள். முதல் பரிசு அவளுக்குத்தான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மற்ற நடுவர்களுக்கு அதில் 'கருத்து' இல்லை என்ற குறை இருந்தது. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்.

என் பிழைப்பைப் பற்றிச் சொன்னால்தான் மேலே சொல்ல வருவது புரியும். பத்திரிகைக் கருத்துப்படத்தை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. சனி ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் ஒரு மூலையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் முகத்தை வரைந்து கொடுக்கிறேன். ஒரு முகத்துக்கு 5 நிமிஷம், ஒரு பிரஷ் பேனா, அவ்வளவுதான். "தம்பி, தாடையைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அக்காமார்கள் நாற்காலியில் உட்காருவார்கள். மூக்கைப் பெரிதாக்கினால் கேலிச்சித்திரம் ஆகிவிடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். பெரிய மூக்கு ஆயிரம் பேருக்கு இருக்கிறது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம், சிரிக்கும்போது எந்தக் கண் முதலில் சுருங்குகிறது, எந்தக் காது கீழே இறங்கியிருக்கிறது, இதில்தான் அந்த ஆள் இருக்கிறார். போன மாதம் ஒரு பாட்டியை வரைந்தேன். வாய் லேசாக இடது பக்கம் ஒதுங்கியே இருந்தது, அதை மட்டும் இன்னும் கொஞ்சம் ஒதுக்கிப் போட்டேன். மகள் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். "அம்மா வெத்தலை போடுறதை விட்டு நாலு வருஷமாச்சு, வாய் மட்டும் இன்னும் அப்படித்தான் இருக்கு, நான் இப்பத்தான் கவனிக்கிறேன்" என்றார்.

ஒரு பாட்டியின் வாய்க்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற நாம் ஒரு மரத்துக்கு ஏன் கொடுப்பதில்லை? பொதுவாக 'மரம்' என்று ஒன்று எந்த ரோட்டிலும் நிற்பதில்லை. எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையில் நின்றது தூங்குமூஞ்சி மரம். மலாய்க்காரர்கள் அதைப் 'புக்குல் லீமா' என்பார்கள், ஐந்து மணி மரம். சாயங்காலம் ஆனால் இலையை மடித்துக்கொள்ளும், மழை மூட்டம் போட்டாலும் மடித்துக்கொள்ளும். மதியம் ரோடு முழுக்க நிழல் கொடுக்கிற அதே மரம், ஆறு மணிக்கு வலை மாதிரி ஆகி வானத்தைக் காட்டும். கிளைகளின் முதுகில் பறவைக்கூடு பெரணி கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருக்கும். ரோட்டை அகலப்படுத்த ஒரு நாள் காலையில் வந்து வெட்டிவிட்டார்கள், மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. என் ஸ்கெட்ச் புத்தகங்களைத் தேடிப் பார்த்தேன், அந்த மரம் பதினோரு பக்கங்களில் இருந்தது. வேறு வேலையாக உட்கார்ந்து கை பழக்கத்துக்குக் கிறுக்கியவைதான் எல்லாம். பக்கத்து வீட்டு அங்கிள் ஒரு பக்கத்தை நகலெடுத்து வாங்கிப்போய்க் கூடத்தில் மாட்டியிருக்கிறார். அவர் மகன் அந்த மரத்தடியில்தான் சைக்கிள் பழகினான்.

நம் மலேசியக் கேலிச்சித்திரக்காரர் லாட்டை நாம் எல்லோரும் கொண்டாடுகிறோம். ஆனால் 1979இல் வந்த அவருடைய 'கம்போங் பாய்' புத்தகத்தை, சின்ன வயதுக் குறும்புகள் நிறைந்த படப் புத்தகம் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திரும்ப எடுத்துப் பாருங்கள். ஈயம் தோண்டும் கப்பல் அதில் ஒரு கதாபாத்திரம் மாதிரியே வருகிறது, மண்ணைத் தின்றுகொண்டே ஊரை நோக்கி வருகிறது, பையன்கள் அதன் கழிவில் ஈயம் அலசப் போகிறார்கள். ஊரே ஈயத்துக்காகப் போய்விடலாம் என்ற பேச்சு ஒரு பக்கம் நடக்க, பையன் ஈப்போவுக்குப் படிக்கக் கிளம்புகிறான். அழுகிற பூமி எங்கேயும் கிடையாது. 1951இல் பேராக்கில் பிறந்த ஒருவர் தன் வீட்டுப் படிக்கட்டையும், ரப்பர் மரத்தையும், அந்தக் கப்பலையும் கண்ணால் கண்டபடி வரைந்தார், அதனால்தான் இன்றைக்கும் நெஞ்சைப் பிடிக்கிறது.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் சந்துகளில் சுவரோடு சுவராக நிற்கிற இரும்புக் கம்பிக் கேலிச்சித்திரங்களும் அப்படித்தான். மொத்தம் 52. பாபா சுவா, ரெஜ்ஜி லீ, தாங் முன் கியான், லெஃப்டி போன்ற நம் நாட்டுக் கேலிச்சித்திரக்காரர்கள் வரைந்தவை. அந்தந்தச் சந்தில் என்ன தொழில் நடந்தது, யார் நடந்து போனார்கள் என்று அங்கேயே நின்று சொல்கின்றன. ஒன்றைக் கழற்றி அடுத்த தெருவில் மாட்டினால் அர்த்தம் போய்விடும். சுற்றுலாப் பயணிகள் சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியத்துக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கட்டும், எனக்கு இந்தக் கம்பிகள்தான் பாடப்புத்தகம்.

வாசிப்பையும் சொல்ல வேண்டும். வரைகிறவனுக்கு எதற்கு வாசிப்பு என்று இளம் பையன்கள் கேட்கிறார்கள், எனக்கு வருத்தமாக இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். 'பலவகைப் பூக்களைப் பறித்துக் குவித்தார்கள்' என்று ஒரு வரியில் அவர் முடித்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பேர் சொன்னார். அந்த வம்சத்தில் வந்த நமக்கு வாசலில் நிற்கிற செடிக்குப் பேர் தெரியவில்லை. அப்புறம் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் மாதவையாவின் மகன். 1950இல் தொடங்கி 1996இல் கண்ணை மூடும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றிய பத்தி எழுதினார், படங்களையும் தானே போட்டார். அவர் தமிழில் எழுதிய கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார், வாங்கிப் படியுங்கள். காக்காயைப் பற்றி எழுதினால்கூட அவர் பார்த்த ஒரு காக்காய் அதில் இருக்கும். இங்கே நம் நாட்டில் ஜாஃபார் தைப் இருக்கிறார், 1978இல் 'கிலா-கிலா' என்ற மலாய் நகைச்சுவை இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர், நகைச்சுவைக் காட்டு விலங்குகளும் போடுவார், நிஜக் காட்டு விலங்குகளை அச்சு அசலாகத் தீட்டவும் செய்வார். முதலாவதற்கு இரண்டாவதுதான் அடித்தளம் என்பது என் எண்ணம்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை காலையில் தெலுக் பஹாங் போகிறேன், லோத்தோங் வரைய. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட அந்தச் சாம்பல் மந்தியைத் தண்ணீர்மலைப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். முதல் ஆறு மாதம் அந்த வளையத்தைக் காம்பஸ் வைத்த மாதிரி வட்டமாகப் போட்டேன், ஒவ்வொன்றும் மூக்குக்கண்ணாடி போட்ட பொம்மையாகவே வந்தது. பிறகு ஒரு நாள் ஒரு பெண் லோத்தோங் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கொழுந்து தின்றது, அப்போதுதான் பார்த்தேன், வெள்ளை முழு வட்டம் இல்லை, இமையோடு சேர்ந்து ஓடி, மூக்குப் பக்கம் வரும்போது மெலிந்துவிடுகிறது. வாயில் ஒரு வெளிறிய திட்டு. வால் உடம்பை விட நீளம், கிளைக்குக் கீழே தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேராகத் தொங்கும். மடியில் குட்டி. குட்டி என்றால் நம்ப மாட்டீர்கள், பளிச்சென்று ஆரஞ்சு நிறம், அம்மாவின் சாம்பல் வயிற்றில் ஒரு சாமந்திப்பூவை ஒட்டவைத்த மாதிரி. சில மாதங்களில் அந்த நிறம் மாறிவிடும்.

தெலுக் பஹாங் ரோட்டைக் கடக்கும்போதுதான் லோத்தோங்குகள் அடிபட்டன. அதற்காக லங்கூர் புரோஜெக்ட் பினாங்கு குழுவினர் 2019இல் ரோட்டுக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்கள். பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிச் செய்த பாலம், 'ஆ லாய்' என்ற பெயர் வைத்தார்கள். அதைத்தான் நான் திரும்பத் திரும்ப வரைகிறேன். குழாயின் முடிச்சு, கீழே போகிற லாரி, மேலே ஆரஞ்சு குட்டியோடு ஒரு அம்மா. இதற்குமேல் எதைச் சேர்க்க?

தீவின் தெற்கே நிலைமை வேறு. பெர்மாத்தாங் டாமார் லாவுட் படகுத்துறையில் ஒரு மீனவர் எனக்குப் பழக்கம், என்னை 'அன்னே' என்று கூப்பிடுவார், நான் அவரைப் 'பாக் சிக்' (மலாயில் மாமா) என்பேன். ஒரு நாள் அவர் வலை பிரிப்பதை வரைந்துகொண்டிருந்தேன், வலை என்றால் குறுக்கும் நெடுக்கும் கோடு என்று போட்டுவிட்டேன். எட்டிப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கையில் வாங்கிக்கொண்டார். இறால் வலை மூன்று அடுக்கு, வெளியே இரண்டும் பெரிய கண், நடுவில் இருப்பது சின்னக் கண், இறால் மோதினால் நடு அடுக்கு வெளி அடுக்கின் கண் வழியாகப் பை மாதிரி பிதுங்கிப் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு ஓரத்தில் வரைந்தே காட்டினார். மேலே மிதவை, கீழே ஈயக்குண்டு. அந்தப் பக்கத்தை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

அந்தக் கடலில்தான் மண்ணைக் கொட்டி முதலில் மூன்று தீவுகள், 4,500 ஏக்கர் என்று திட்டம் போட்டார்கள். 2021இல் சுற்றுச்சூழல் மேல்முறையீட்டு வாரியம் அதன் சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வறிக்கைக்குக் கிடைத்த ஒப்புதலை ரத்து செய்தது. 2023இல் மறுபடி ஒப்புதல் கிடைத்தது, மூன்று தீவுகள் ஒன்றாகச் சுருங்கின, சுமார் 2,300 ஏக்கர், அதே வருஷம் மண் கொட்டும் வேலையும் தொடங்கியது. வேலைவாய்ப்பு வரும் என்கிறார்கள், வரட்டும், எங்கள் பிள்ளைகளுக்கும் அது வேண்டும்தான். ஆனால் இறால் பிடிக்கிற இடத்தில் மண்ணைப் போட்டுவிட்டு, அந்த இடத்தை அறிந்த மனிதரிடம் காசைக் கொடுத்துக் கணக்கை முடிப்பது சரியில்லை என்பது என் கருத்து, அதை ஒளிக்க நான் விரும்பவில்லை. அந்த மூன்று அடுக்கு வலையை வைத்து ஒரு கருத்துப்படம் போட்டேன். பாக் சிக் வலையைத் தூக்குகிறார், நடு அடுக்கில் இறாலுக்குப் பதில் கைப்பிடி கைப்பிடியாக மண். ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். "நம்ம வாசகருக்கு வலை பத்தியெல்லாம் தெரியாதுங்க, ரெண்டு அரசியல்வாதி தலையைப் போட்டு மாத்திக் குடுங்க" என்று பதில் வந்தது. நான் மாற்றவில்லை, அவர்கள் போடவில்லை.

அந்தப் பதிலில்தான் எனக்கு வருத்தம் அதிகம். தமிழ் வாசகனுக்கு வலை தெரியாதாம்! நெய்தல் என்று கடலுக்கே ஒரு திணை வகுத்த மொழியில் எழுதிக்கொண்டு இப்படிச் சொல்லலாமா? அரசியல்வாதி தலை போடுவதற்கும் துணிச்சல் வேண்டும், அதை நான் குறைத்துப் பேசவில்லை. 2015இல் அரசியல் கேலிச்சித்திரக்காரர் சுனார் மேல் தேச நிந்தனைச் சட்டத்தில் 9 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. 2016இல் இதே பினாங்கில் அவருடைய கண்காட்சியில் ஒரு கும்பல் புகுந்து ரகளை செய்தது, கைதானது சுனார்தான். 2018இல்தான் அந்தக் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார்கள். பாரதி 'இந்தியா' பத்திரிகையில் கருத்துப்படம் போட்ட காலத்திலிருந்து நமக்கு அந்தத் துணிச்சல் இருக்கிறது. ஆனால் தலைகள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். மண் கொட்டிய கடல் திரும்பாது. தமிழ்ப் பத்திரிகைகள் வாரத்துக்கு ஒரு கால் பக்கம், வரைகிறவன் நேரில் போய்ப் பார்த்து வந்த ஒரு இடத்துக்கு ஒதுக்கட்டும் என்று கேட்கிறேன். பணம்கூடப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தெலுக் பஹாங்கில் அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் இருப்பேன். போட்டியில் பரிசு வாங்கிய அந்தப் பிள்ளையும் அவள் அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வர விரும்புகிறவர்கள் ஒரு நோட்டும் 2பி பென்சிலும் கொண்டு வாருங்கள், ரப்பர் வேண்டாம். வாழைப்பழமும் கடலையும் தயவுசெய்து வேண்டாம், லோத்தோங்குகளுக்கு இலை போதும். லோத்தோங் வராவிட்டால் பாலத்தை வரைவோம்.